ஏமாற்றினவனுக்குப் பரிசா?

ஆப்பிரிக்க நாடோடிக் கதைகளில் வரும் தந்திரக்காரப் பிராணிகளைப் பற்றி நம் குழந்தைகளுக்காக ஒரு கதைத் தொகுதி தயாரிக்க வேண்டுமென்று சில காலமாக எண்ணி வருகிறோம். வெள்ளோட்டமாக, வகுப்பில் ஒரு கதை சொல்லிப் பார்த்தோம். கானா தேசத்து அஷாந்தி மக்களின் கதை அது.

உலகத்துக் கதைகள் யாவும் ஒரு காலத்தில் ஆகாய தெய்வமான நியாமேயின் வசம் இருந்தன. அவற்றை விலைக்குக் கேட்டது அனான்சி என்னும் சிலந்தி. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம் முதலியவற்றைப் பிடித்து வந்தால் தருவதாகத் தெய்வம் சொல்லிற்று. அனான்சி ஒரு கழியுடன் மலைப்பாம்பிடம் போய், "நீர் நீளமா, இந்தக் கழி நீளமா என்று எனக்கும் என் மனைவிக்கும் வாக்குவாதம், சற்றே படுத்துக் காட்டும்" என்று நயமாகப் பேசிக் கழியோடு சேர்த்துக் கட்டிவிட்டது. தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டதென்று குளவிகளை நம்பவைத்துச் சுரைக்குடுக்கையில் அடைத்தது. சிறுத்தைக்குக் குழி வெட்டிற்று. முடிவில் கதைகள் அதன் சொத்தாயின. நாடோடிக் கதைகளுக்கு அந்த மக்கள் "சிலந்திக் கதைகள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஆனால் கடைசி பெஞ்சிப் பையன் ஒருவன் எழுந்து, "ஏமாற்றினவனுக்குத்தானே பரிசு கிடைத்தது? அது நியாயமா, ஸார்?" என்று கேட்டான். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஒவ்வொரு கதைக்கும் அடியில் ஒரு நீதியை எழுதிச் சேர்த்துவிடலாமென்று முதலில் நினைத்தோம். அது கதைகளுக்கே இழைக்கும் அநீதி என்று பிறகு பட்டது. இவற்றில் பெரும்பாலும் ஏமாறுகிறவர்கள் யார்? சிங்கம், யானை, சிறுத்தை, கழுதைப்புலி. ஏமாற்றுவதோ சிலந்தி, முயல், ஆமை. பலமில்லாத பிராணிக்குப் புத்தி ஒன்றுதானே ஆயுதம்? அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் அனான்சியை ஜமெய்க்காத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும் முயல் கதைகள் வழங்கின. பருத்தித் தோட்டத்தில் சவுக்கடி பட்டவன், முயல் நரியை ஏய்த்த கதையைக் கேட்டு எதற்காகச் சிரித்திருப்பான் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஆயினும் தந்திரம் எப்போதும் எளியவர் பக்கமே நிற்பதில்லை. நைஜீரியாவின் இக்போ மக்கள் ஓர் ஆமையைப் பற்றிச் சொல்லுகிறார்கள். பறவைகளிடம் இறகுகளை இரவல் வாங்கிக்கொண்டு, அவற்றோடு ஆகாயத்து விருந்துக்குப் போயிற்று அது. தன் பெயர் "நீங்கள் எல்லோரும்" என்று சொல்லிவைத்தது. விருந்து யாருக்கு என்று கேட்டபோது, "நீங்கள் எல்லோருக்கும்" என்று பதில் வந்தது. உடனே நல்லதையெல்லாம் ஆமையே தின்றுவிட்டது. பறவைகள் கோபித்து இறகுகளைப் பிடுங்கிக்கொண்டன. கீழே விழுந்து ஓடு சிதறிற்று. ஒட்டுப்போட்ட அடையாளத்தை இன்றும் ஆமை சுமக்கிறது. சினுவா அச்சிபி 1958-ல் வெளியிட்ட நாவலில் ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லும் கதை இது.

ஆகவே அனான்சிக்குப் பக்கத்திலேயே ஆமையை வைப்பதென்று தீர்மானித்தோம். வலியவனை ஏய்த்ததும் உதவினவனை ஏய்த்ததும் அடுத்தடுத்து வந்தால், வித்தியாசம் குழந்தைகளுக்கே விளங்கிவிடும். கதைதோறும் அதைச் சொல்லும் மக்களின் பெயரையும் போடுவோம். ஆப்பிரிக்கா ஒரு தேசமல்ல; ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் அடங்கிய கண்டம். எட்வர்ட் ஸ்டீர் 1870-ல் பதிப்பித்த சுவாஹிலிக் கதைகளிலிருந்தும் ஒன்று எடுத்திருக்கிறோம். அதில் ஒரு குரங்கு, இருதயத்தை மரத்திலேயே விட்டு வந்ததாகச் சொல்லிச் சுறாமீனிடமிருந்து தப்புகிறது. பஞ்சதந்திரத்து முதலையை அறிந்த நம் குழந்தைகள் அதைப் பழைய சிநேகிதனாகவே வரவேற்பார்கள்.

கடைசிக் கதை மறுபடியும் அனான்சியுடையது. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் திரட்டி, மர உச்சியில் ஒளித்துவைக்கப் புறப்பட்டது அது. பானையை வயிற்றின்மேல் கட்டியிருந்ததால் ஏற முடியவில்லை. "முதுகில் கட்டிக்கொள்ளுங்களேன், அப்பா!" என்றது கீழே நின்ற குட்டி. அறிவெல்லாம் தன்னிடமே இருப்பதாக நினைத்திருந்த அனான்சிக்கு வெட்கமும் கோபமும் வந்தன. பானை நழுவிற்று, அறிவு சிதறி எல்லோருக்கும் கிடைத்தது.

இக்கதையைப் படித்தபோது கடைசி பெஞ்சிப் பையன்தான் நம் நினைவுக்கு வந்தான். தொகுதியின் முதல் பிரதி அவனுக்கே.