நிபந்தனையும் தீர்ப்பும்: ஷெல் கட்டளைத்தொடரில் 'இல்லை' என்பதன் பொருள்

கணினிக்கு ஆணையிடும் வழிகளுள் பழமையானதும் இன்றுவரை வழக்கொழியாததும் ஷெல் எனப்படும் கட்டளைமொழியாகும். 1971இல் கென் தொம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய ஷெல்லும், 1979இல் அத்தளத்தின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லும் இம்மரபின் தொடக்கங்கள். ஒரு நிபந்தனை நிறைவேறியதா என்பதை இம்மொழி எவ்வாறு தீர்மானிக்கிறது? இவ்வினா தொழில்நுட்பர்க்கு மட்டும் உரியதன்று என்பதை மலையகத்தோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தின் வழி விளக்க முயல்வோம்.

முதற்கண் அடிப்படையை நோக்குவோம். பிற நிரல்மொழிகள் பலவற்றில் 'இஃப்' என்னும் சொல்லையடுத்து வருவது, உண்மை அல்லது பொய் என மதிப்பிடப்படும் ஒரு கூற்று. ஷெல்லிலோ, 'இஃப்' ஒரு கட்டளையை இயக்கி, அது முடிவுறும்போது விட்டுச்செல்லும் எண்ணை நோக்குகிறது. அவ்வெண் 0 ஆயின் நிபந்தனை நிறைவேறியது; வேறெதுவாயினும் நிறைவேறவில்லை. சுழியத்தைப் பொய்யெனக் கொள்ளும் சி மொழியிற் பழகியோர்க்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆயின் வெற்றி ஒருவகையே, தோல்விகளோ பலவகை. அவற்றை வேறுபடுத்திக் காட்டவே 1 முதல் 255 வரையான எண்கள் விடப்பட்டுள்ளன. ஒப்பீடு செய்யும் 'டெஸ்ட்' என்பதும் ஒரு கட்டளையே, [ என்னும் சதுர அடைப்புக்குறி அதன் மறுபெயர். அக்குறியின்பின் இடைவெளி விடுதல் கட்டாயமாவது இதனாலேயே.

இனி உதாரணத்துக்கு வருவோம். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்து அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. அப்பகுதித் தோட்டமொன்றின் பழைய குடும்பப் பதிவுகளை ஆய்வாளர் ஒருவர் கணினியிலேற்றி, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி எவரெவர் வம்சாவழிப் பிரசைகளாகத் தகுதி பெற்றிருப்பர் என வகைப்படுத்துவதாகக் கொள்வோம். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை இது: அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவரும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்.

இதனைத் தந்தை || பாட்டன் && பூட்டன் என ஷெல்லில் எழுதிவிடலாம் போலத் தோன்றும். || என்பது 'அல்லது'; && என்பது 'மேலும்'. சி முதலிய மொழிகளில் && முந்தி இணையும்; ஆதலின் சட்டத்தின் கருத்தே கிடைக்கும். ஷெல்லில் இவ்விரு குறிகளும் சமவலிமையுடையன. இடமிருந்து வலமாகவே அவை இணையும். எனவே 'தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அத்துடன் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும்' என்றாகிவிடும். தந்தை இங்கே பிறந்து, பூட்டன் தென்னிந்தியாவிற் பிறந்த ஒருவருக்குச் சட்டம் அளித்த தகுதியை இவ்வரி பறித்துவிடுகிறது. பாட்டனையும் பூட்டனையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒன்றாக்கினால் இப்பிழை நீங்கும்.

எண்களிலும் இத்தகைய இடர் உண்டு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முற்பட்ட தொடர்ச்சியான வதிவாக மணமானோர்க்கு 7 ஆண்டுகளையும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டுகளையும் வேண்டிற்று. 9, 10 என்பவற்றை எழுத்துச் சரங்களாக ஒப்பிட்டால், அகராதி வரிசைப்படி 9 பிந்தியது. எனவே 'பெரியது' என்று விடை வரும். எண்களுக்குரிய ஒப்பீட்டுக்குறிகளைத் தனியே பயன்படுத்துதல் வேண்டும்.

ஆயினும் மிக முக்கியமான வேறுபாடு இவற்றினும் நுண்ணியது. டெஸ்ட் கட்டளை உண்மைக்கு 0ஐயும், பொய்மைக்கு 1ஐயும், மதிப்பிடவே இயலாத பிழைக்கு 1இலும் கூடிய எண்ணையும் தருகிறது. 'பொய்', 'அறிய இயலவில்லை' ஆகிய இரண்டும் இங்குத் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆயின் 'இஃப்' அவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. சுழியமல்லாத யாவற்றையும் 'எல்ஸ்' என்னும் ஒரே வாயிலுக்கே அனுப்புகிறது. தந்தையின் பிறப்பிடம் பதியப்படாது வெற்றிடமாயிருப்பின், மேற்கோள்குறியின்றி எழுதிய ஒப்பீட்டின் ஒருபக்கமே மறைந்து, பிழை தோன்றுகிறது. அந்நபர் 'தகுதியற்றோர்' பட்டியலிற் சேர்கிறார். மேற்கோள்குறி இட்டால் பிழைச் செய்தி மறையும், தீர்ப்பு மாறாது. வெற்றுச் சரம் 'இலங்கை' என்பதற்குச் சமமன்று என்று இப்போது ஒழுங்காகவே 1 கிடைக்கும். சத்தமின்றி நிகழ்வதால் இது முன்னையதிலும் ஆபத்தானது.

இதற்குரிய முறை யாதெனில், ஒப்பீட்டுக்கு முன்னரே பதிவு வெற்றிடமா எனச் சோதித்து, வெற்றிடமாயின் 'ஆராயப்பட வேண்டியோர்' என்னும் மூன்றாம் பட்டியலுக்கு அனுப்புதலாகும். உண்மை, பொய் என்னும் இரண்டுக்கு அப்பால் மூன்றாம் மதிப்பொன்றைப் போலந்து தருக்கவியலாளர் யான் லுகசீவிச் 1920இலேயே முன்வைத்தார். ஷெல் அதனைத் தானாக வழங்குவதில்லை. எழுதுவோரே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

1948இன் பின்னர் மலையகத் தமிழர் கண்டதும் இத்தகைய தருக்கமே. தந்தை இங்கே பிறந்தும் அதனை எழுத்துச் சான்றால் நிறுவ இயலாதோர்க்குச் 'சான்று இல்லை' என்பது 'உரிமை இல்லை' என்றே பொருள்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவழியினரையும் இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றபோது, பாட்டன் பூட்டன் பிறப்பிடம் அவர்கள் வழியிலிருந்து விலகிற்று. நிபந்தனைகள் மனிதர் எழுதியவை; மனிதரால் மாற்றப்படக்கூடியவை. இன்று பயனாளர் பட்டியல்களும் வாக்காளர் இடாப்புகளும் கணினிக்கு இடம்மாறுகின்றன. அங்கெல்லாம் 'எல்ஸ்' என்னும் சொல்லுக்குப் பின்னால் எவர் நிறுத்தப்படுகின்றனர் என்று வினவுதல் நிரல் எழுதுவோர்க்கும் சமூக ஆய்வாளர்க்கும் பொதுவான கடமையாகும்.