கிருமி யாருடையது?

காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி. அதனை மூட்டிய கிருமி இரத்தத்தில் உண்டா, உண்டெனில் அது எது, எம்மருந்துக்கு அடங்கும் என்பவற்றை அறிய மருத்துவர் செய்விப்பதே இரத்த வளர்ப்புச் சோதனை. டைபாய்டு முதல் உயிரைக் குடிக்கும் செப்சிஸ் வரை பல நோய்களை இதுவே காட்டிக் கொடுக்கிறது.

சோதனையின் முறை எளியது. நோயாளியின் இரத்தத்தை ஊட்டநீர் நிறைந்த புட்டியில் செலுத்தி, உடலின் வெப்பநிலையில் ஐந்து நாள் வரை வைத்திருப்பர். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிப்படும். கருவி அதைக் கண்டு அறிவிக்கும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. நம் தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நுண்ணுயிர்கள் எப்போதும் குடியிருக்கின்றன. தோலில் இருக்கும்வரை அவற்றால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், ஊசியோடு ஒன்றிரண்டு புட்டிக்குள் போய்விட்டாலோ அவையும் பல்கிப் பெருகும். புட்டிக்குப் பகைவனும் தெரியாது, வழிப்போக்கனும் தெரியாது. இருவருக்கும் ஒரே விருந்துதான்!

இதனால் என்ன கேடு? ஐயம் தெளியும் வரை நோயாளிக்கு வான்கோமைசின் போன்ற வலிய மருந்தை ஏற்ற நேரிடும். அது சிறுநீரகத்தைத் தாக்கவும் கூடும். மருத்துவமனை நாட்கள் நீளும். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம் கடனில் மூழ்கும். வேண்டாத இடத்தில் மருந்தைச் செலவிடச் செலவிட, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. இரு கைகளிலும் தனித்தனியே இரத்தம் எடுத்தால், இரண்டிலும் ஒரே கிருமி வளர்வது பெரும்பாலும் உண்மை நோயைக் குறிக்கும். பல புட்டிகளுள் ஒன்றில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் மாசே. எனினும், செயற்கை இதய வால்வோ இரத்தக் குழாயில் நெடுநாள் செருகிய குழாயோ உள்ளவர்களிடம் அதே எபிடெர்மிடிஸ் உண்மைப் பகையாகவும் மாறும். ஆகவே, பின்னால் ஆராய்வதைவிட முன்னால் காப்பதே மேல்.

காக்கும் முறைகள் இவை: ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலை 30 விநாடி தேய்த்து, தானே உலர விட வேண்டும், ஊதி உலர்த்தலாகாது. துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொட்டுப் பார்க்கலாகாது. புட்டியின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். முன்பே செருகியிருக்கும் குழாயிலிருந்து எடுக்காமல் புதிதாகக் குத்தி எடுப்பதே நன்று. முதலில் வரும் ஓரிரு மில்லிலிட்டர் இரத்தத்தில் தோல் துணுக்குகள் கலந்திருக்கலாம். அதனை ஒதுக்கிவிட்டால் மாசு மேலும் குறையும்.

நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மாசுபடலாகாது என்பது நெடுநாள் அளவுகோல். முறைகளைச் செவ்வனே கைக்கொண்டால் ஒன்றாகவே குறைக்கலாம் என்று 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வக நெறிமுறை இலக்கு வைத்தது.

நண்பர்களே! சோதனைச்சாலையில் எத்துணை விலையுயர்ந்த கருவி இருந்தாலும், நோயாளியின் படுக்கையருகே புகுந்த மாசை அது நீக்காது. அங்கே வேண்டுவது அரை நிமிடப் பொறுமை. அவசரத்தில் அதை இழந்தால், இல்லாத நோய்க்கு மருந்துண்ணும் துன்பம் நோயாளிக்கே வந்து சேரும்.