பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் மும்பை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். கணிப்பொறிகள் செயலிழந்தமையால் சில இடங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதித் தரப்பட்டன. வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுமாகப் பத்தில் சிறு இடையூறு நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பே இதற்குக் காரணமாகும். 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இயங்க மறுத்த பொறிகளைத் திருத்தம் எட்டவில்லை. ஊழியர்கள் பல பொறிகளில் பிழையான கோப்பைத் தாமே நீக்க வேண்டியதாயிற்று.

பழைய பதிப்புக்குத் திரும்புதல் எளிதன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. அதே ஆண்டு மார்ச் இறுதியில், எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன், தன் சோதனை நிலைத் தொகுப்புகளில் 5.4.5-க்குத் திரும்பியது. தொகுப்புகளை நிறுவும் கருவி பெரிய எண்ணையே புதியதாகக் கொள்ளும். எனவே, “5.6.1, உண்மையில் 5.4.5” என்று பொருள்படும் எண் பழைய தொகுப்புக்கு இடப்பட்டது.

விமான நிறுவனத்திற்கு வல்லுநர்கள் உண்டு. தாராவித் தோல் பட்டறைக்கோ செம்பூர்ச் சிறு கடைக்கோ இருப்பது பெரும்பாலும் ஒரே கணிப்பொறி. விற்பனைக் கணக்கும் ஜி.எஸ்.டி. விவரமும் அதிலேயே அடங்கும். புதிய பதிப்பு எழுதிய கணக்குக் கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமற் போகலாம். ஒரு தொகுப்பைப் பின்னிறக்கினால், அதனைச் சார்ந்த பிற தொகுப்புகளும் நின்றுவிடக்கூடும்.

ஆகவே, புதுப்பிக்கும் முன்னரே கணக்குகளின் நகலைத் தனி வட்டில் எடுத்து வைத்தலும், பழைய பதிப்பின் நிறுவற் கோப்பைப் பேணுதலும், அதன் எண்ணைக் குறித்து வைத்தலும் இன்றியமையாதவை. எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே வேளையில், பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாமல் இருக்கலாம். அதனைத் தற்காலிகப் புகலிடமாகவே கொள்ளல் வேண்டும். திருத்திய பதிப்பு வந்ததும் மீண்டும் முன்செல்வதே முறை.

கணிப்பொறிமயமாக்கலின் பயன் சிறு தொழில்களுக்கும் நிலைத்துக் கிட்ட வேண்டுமாயின், புதியதை நிறுவும் பயிற்சியுடன் பழையதற்குத் திரும்பும் பயிற்சியும் சேர்த்தே அளிக்கப்படல் வேண்டும்.