"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? வகுப்பறையில் ரெஸ்பான்ஸ் கார்டுகள்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்கே தந்திருக்கிறேன்.)

நீங்க மூணாவது படிச்ச காலத்துக்குக் கொஞ்சம் போயிட்டு வாங்க. டீச்சர் போர்டுல ஒரு கழித்தல் கணக்கு போட்டு முடிச்சு, திரும்பி "புரிஞ்சுதா?"ன்னு கேக்கறாங்க. மொத்த கிளாஸும் ஒரே ராகத்துல என்ன சொல்லும்? "புரிஞ்சுது டீச்சர்ர்ர்." புரிஞ்சவனும் அதைத்தான் சொல்வான், புரியாதவனும் அதைத்தான் சொல்வான். நான் ரெண்டாவது வகை.

அந்தக் கோரஸைப் பிரிச்சு ஒவ்வொரு குழந்தையோட பதிலையும் தனியா எடுக்கறதுக்குத்தான் கிளாஸ்ரூம் ரெஸ்பான்ஸ் டெக்னாலஜி. இன்னிக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். அப்படியே, அதை வெச்சு நான் ஒரு எட்டு வயசுப் பொண்ணை ரெண்டு வாரம் தப்பா எடை போட்ட கதையையும் சொல்றேன்.

கல்லூரியில இருந்து ஒண்ணாம் கிளாஸ் வரை

இந்த முறை பரவலா பேசப்பட்டது கல்லூரி வகுப்புகள்லதான். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தின எரிக் மசூர், 1991ல இருந்து லெக்சரை நடுவுல நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாரு. மாணவர்கள் முதல்ல தனித்தனியா பதில் சொல்லணும். அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட விவாதிச்சு, மறுபடி பதில் சொல்லணும். பின்னாடி இதுக்குக் கிளிக்கரையும் பயன்படுத்தினாங்க. டிவி ரிமோட் மாதிரி ஒரு சாதனம், ஆளுக்கு ஒண்ணு.

அதுக்கப்புறம் 2013ல நார்வேயில இருந்து கஹூட். ஆபீஸ் ஃபன் ஃப்ரைடேல நீங்களும் விளையாடியிருப்பீங்க. சீக்கிரம் அழுத்தினா அதிக பாயின்ட். நமக்கு ஜாலி. ஆனா விரலை மடக்கி எண்ணி, நிதானமா சரியான விடைக்கு வர்ற ஆறு வயசுக் குழந்தைக்கு அந்த டைமர் ஒரு தண்டனை. அங்க அளக்கறது பாதி கணக்கு, பாதி வேகம்.

நம்ம ஊர் தொடக்கப் பள்ளிக்கு அதிகம் பொருந்தறது பிளிக்கர்ஸ் மாதிரியான அட்டை முறை. குழந்தைங்க கையில எந்த சாதனமும் வேண்டாம். ஆளுக்கு ஒரு பேப்பர் அட்டை. அதுல க்யூஆர் கோடு போல ஒரு கறுப்பு வெள்ளை வடிவம், ஒவ்வொரு அட்டைக்கும் வேற வேற. நாலு பக்கத்துலயும் சின்ன எழுத்துல ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேல இருக்கோ அதுதான் பதில். டீச்சர் தன்னோட ஒரே போன் கேமராவை வகுப்பு மேல ஓட்டினா போதும், யார் என்ன சொன்னாங்கன்னு வந்துடும். எழுத்து சின்னதா இருக்கறதும் காரணத்தோடதான், பக்கத்து பெஞ்சு பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாதுன்னு. (பின்னாடி இருந்து ஒருத்தன் "பி டா, பி"ன்னு கிசுகிசுத்தா எந்த டெக்னாலஜியும் தடுக்காது.)

நானே எழுதிய ஆப்

எங்க அம்மாவோட சிநேகிதி ஒருத்தங்க மூணாம் வகுப்பு டீச்சர். வகுப்புல 28 பேர். அவங்களுக்காக இதே ஐடியாவை நானே ஒரு வீக்எண்ட்ல எழுதினேன். ஓப்பன்சிவி லைப்ரரில அருகோ மார்க்கர்னு ஒண்ணு இருக்கு. மார்க்கரைக் கேமராவுல காட்டினா, அதோட எண்ணையும் நாலு மூலையையும் வரிசையா குடுத்துடும். எந்தப் பக்கம் மேலன்னு கண்டுபிடிக்க அது போதும். ஸ்கோரெல்லாம் ஒரு ஷீட்டுல விழும். 10க்கு 5 எடுத்தா பச்சைக் கட்டம், குறைஞ்சா சிவப்பு. எனக்கு ரொம்ப பெருமை.

ரெண்டு வாரம், ரெண்டு டெஸ்ட். ஒரு பொண்ணு ரெண்டுலயும் பூஜ்யம். ஷீட்டுல அடர் சிவப்பு. டீச்சர் அதை நம்பி, அந்தப் பொண்ணை விளையாட்டு பீரியட்ல தனியா உக்கார வெச்சுக் கழித்தல் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல எண்ணத்துலதான். ஆனா மத்தவங்க எல்லாம் கிரவுண்டுல ஓடும்போது, ஜன்னல் பக்கத்துல உக்காந்து கணக்கு போடறது எட்டு வயசுல எப்படி இருக்கும்? அவ வகுப்புல கை தூக்கறதையே நிறுத்திட்டா.

மூணாவது வாரம் டீச்சர் போன் பண்ணாங்க. "ஏம்ப்பா, உன் ஷீட்டுல என்னமோ தப்பு இருக்கு. இவகிட்ட 52ல 28 போனா எவ்வளவுன்னு வாயால கேட்டேன். 24ன்னு டக்குனு சொல்றா. இதுவரைக்கும் கேட்ட எதையுமே தப்பா சொல்லல."

லாகைத் திறந்து பார்த்தேன். ஏ-ன்னு வர வேண்டிய இடத்துல எல்லாம் சி. சி வர வேண்டிய இடத்துல ஏ. பி-க்கு டி, டி-க்கு பி. இருபது கேள்வியிலும் ஒண்ணு விடாம இப்படித்தான்.

அடுத்த நாள் நேர்ல போய்ப் பார்த்தப்போதான் விளங்கிச்சு. குழந்தைங்க அட்டையைத் தன் பக்கம் வெச்சு, விடை எழுத்தை மேல கொண்டு வந்துட்டு, அப்புறம் கேமரா பக்கம் திருப்பணும். மத்தவங்க நோட்டுல பக்கத்தைப் புரட்டற மாதிரி பக்கவாட்டுல திருப்பினாங்க. அப்படித் திருப்பினா மேல இருக்கறது மேலயே இருக்கும். இவ தோசையைத் திருப்பற மாதிரி மேலிருந்து கீழா திருப்பினா. மேல இருந்தது கீழ போயிடும். கேமரா எதிர்ப் பக்கத்து எழுத்தைப் படிச்சுது. "அண்ணா, நான் சரியாத்தான் காட்டினேன்"னு சொன்னா. அவ சொன்னது உண்மைதான்.

பூஜ்யம் சொன்ன செய்தி

இதுல எனக்கு வெட்கமா இருந்த விஷயம் ஒண்ணு இருக்கு. நான் இன்ஜினியரிங்ல ப்ராபபிலிட்டி படிச்சவன். நாலு ஆப்ஷன் இருக்கற கேள்விக்குக் கண்ணை மூடிக்கிட்டு அட்டையைக் காட்டினாக்கூட 20க்கு 5 சரியா வரணும். இருபதுமே தப்பா வர்றதுக்கான வாய்ப்பு ஏறக்குறைய 300ல ஒண்ணு. அதாவது, சும்மா குருட்டாம்போக்குல காட்டிப் பூஜ்யம் எடுக்கறது ரொம்ப அபூர்வம். அந்தப் பூஜ்யமே "இது வெறும் குருட்டாம்போக்கு இல்லை, என்னன்னு பாரு"ன்னு கத்திச் சொல்லிச்சு. நான் அதுக்குச் சிவப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தேன்.

இதோட மறுபக்கமும் உண்டு. ஒண்ணுமே தெரியாத 100 குழந்தைங்க சும்மா காட்டினாலும், 10க்கு 5 எடுத்துப் பச்சைக் கட்டத்துக்குள்ள வரப்போறவங்க 7, 8 பேர். அவங்களை யாரும் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லித் தர மாட்டாங்க. பச்சையாச்சே!

தப்பான விடையை யோசிச்சு வைக்கணும்

இன்னொரு பாடம் டீச்சர்கிட்ட கத்துக்கிட்டது. நான் முதல்ல வெச்ச கேள்வி 52 கழித்தல் 27. அவங்க பார்த்துட்டு, "27 வேண்டாம், 28ன்னு மாத்து"ன்னாங்க. ஏன்?

கடன் வாங்கிக் கழிக்கறதுல குழந்தைங்க செய்யற தப்பு பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, மேல கீழ பார்க்காம பெரிய எண்ல இருந்து சின்ன எண்ணைக் கழிக்கறது. இன்னொண்ணு, பத்துகள்ல இருந்து கடன் வாங்கிட்டு, அங்க ஒண்ணு குறைக்க மறக்கறது. 52ல 27னு குடுத்தா ரெண்டு தப்புக்கும் விடை 35தான். எந்தத் தப்புன்னு தெரியாது. 28னு குடுத்தா முதல் தப்புக்கு 36, ரெண்டாவது தப்புக்கு 34. கழிக்காம கூட்டினா 80. சரியான விடை 24. ஆக நாலு ஆப்ஷன்லயும் ஒவ்வொரு செய்தி இருக்கு. 36 காட்டின குழந்தைக்கும் 34 காட்டின குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியது வேற வேற.

1978ல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினாங்க. கழித்தல்ல குழந்தைங்க செய்யற தப்புக்கு அவங்க வெச்ச பேரே 'பக்'. கவனக் குறைவுன்னு நாம ஒதுக்கற பல தப்புகள், கொஞ்சம் மாறிப்போன ஒரு விதியை ஒழுங்கா பின்பற்றறதால வர்றவைன்னு காட்டினாங்க. கோடு எழுதறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ப்ரோகிராம் எப்பவும் நாம எழுதினபடிதான் ஓடும்.

இப்போ நாங்க என்ன பண்றோம்

மூணு மாற்றம். முதல் மூணு கேள்வி எப்பவும் எல்லாருக்கும் விடை தெரிஞ்சது: காக்கா என்ன நிறம், பூனைக்கு எத்தனை கால், இந்த மாதிரி. அதுல தப்பு வந்தா அட்டையைப் பிடிக்கறதுல சிக்கல். அன்னிக்கு அந்தக் குழந்தையோட ஸ்கோர் கணக்குல வராது.

ரெண்டாவது, சிவப்பு பச்சையை எடுத்துட்டேன். ஷீட்டுல இப்ப இருக்கறது எந்த ஆப்ஷனை யார் காட்டினாங்க என்பது மட்டும்தான்.

மூணாவதுதான் முக்கியம். ஷீட்டை வெச்சு எந்தக் குழந்தையையும் எந்தக் குழுவுலயும் போடறதில்லை. சந்தேகமா இருக்கற நாலஞ்சு பேர்கிட்ட டீச்சர் ரெண்டு நிமிஷம் உக்காந்து, "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்"னு கேக்கறாங்க. 28 பேர்கிட்டயும் தினம் அப்படி உக்கார நேரம் கிடையாது. யார் பக்கத்துல முதல்ல போய் உக்காரணும்னு சொல்ல ஆப் போதும். யாருக்குத் தெரியாதுன்னு தீர்ப்பு சொல்ல அது போதாது.

இது ஒரு வகுப்போட முடியற விஷயம் இல்லை. தமிழ்நாட்டுல 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கினப்போ, ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லித் தந்தாங்க. நல்ல யோசனை. ஆனா நிலை பார்த்துக் கற்பிக்கற எந்த முறையும் அந்த நிலையைச் சரியா கண்டுபிடிக்கறதை நம்பித்தான் நிக்குது. எஜுடெக்ல வேலை பார்க்கற நண்பர்களே, உங்க டாஷ்போர்டுல ஒரு கட்டம் சிவப்பா மாறினா, எங்கயோ ஒரு குழந்தையோட விளையாட்டு பீரியட் போகுது. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்தப் பொண்ணு மறுபடி கிரவுண்டுக்குப் போயிட்டா. அட்டையை இன்னும் தோசை மாதிரிதான் திருப்பறா. மாத்திக்கச் சொல்லல. அவ அட்டை எண்ணுக்கு மட்டும் என் கோடுல ஒரு வரி சேர்த்துட்டேன்.

உங்க வீட்டுல டீச்சர் யாராவது இருந்தா, புரிஞ்சுதா இல்லையான்னு அவங்க எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு கேட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.