எந்தக் கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம். வலிப்புக்கு மூளையில் அறுவை சிகிச்சை என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "உயிருக்கு ஆபத்தா?" அடுத்தது, "எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" முதல் கேள்விக்கு, தேர்ந்த மையங்களில் அந்த ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர் சட்டென்று சொல்லிவிடுவார். இரண்டாவதுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

எந்த வலிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கீழே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டால்தான் நமக்கு அது வலிப்பு. உடனே சாவிக்கொத்தைத் தேடி ஓடுவோம். (சாவியால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.) காதுக்கு உள்பக்கம் இருக்கும் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்போ சத்தமில்லாதது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும். முன்பே நடந்தது மறுபடி நடப்பதுபோலத் தோன்றும். பிறகு ஓரிரு நிமிடங்கள் வெறித்த பார்வை, சப்புக்கொட்டும் வாய், சட்டைப் பொத்தானைத் திருகும் விரல்கள். கூப்பிட்டால் பதில் வராது. "ஏதோ யோசனையில் இருக்கான்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கோடாங்கியிடம் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. இரண்டு வலிப்புகளுக்கு நடுவே எடுத்த ஈஈஜி என்ற மூளை மின்னலைப் பதிவில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதனால் வீட்டில் யாராவது போனில் எடுத்த அரை நிமிட வீடியோ மருத்துவருக்குப் பெரிய உதவி.

பொதுவாக வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். கிளாஸ்கோவில் க்வான், ப்ரோடி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்து மேலும் 13 சதவீதம் பேருக்குக் கைகொடுத்தது. அதற்குப் பிறகு மாற்றி மாற்றிக் கொடுத்தும் கூடியது 4 சதவீதம்தான். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை ஒத்துவருமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். கனடாவில் 80 பேரை இரு பிரிவாக்கிச் செய்து 2001இல் வெளியான சோதனையில், ஓராண்டு கழித்து, நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம். மருந்துப் பிரிவில் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது. நம் தென் மாவட்டங்களிலிருந்து அங்கே போகிறவர்கள் உண்டு.

இனி ஞாபகம். பொட்டு மடலின் உள்மடிப்பில், பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அன்றாடம் நடப்பதை மனதில் பதிய வைப்பது இதன் வேலை. ஒரு கடையில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலிப்பு தொடங்குவதும் இவர்களில் ஒருவரிடமிருந்துதான். நோயாளிக் கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் கடை நடக்குமா?

இருவரையும் அனுப்பினால் நடக்காது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர், ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு இரு பக்கமும் இந்தப் பகுதியை அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புதிதாக நடந்தது எதுவும் மனதில் தங்கவில்லை. இந்தக் கதை பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மாண்ட்ரியலில் நடந்தது. அங்கே பென்ஃபீல்ட் என்ற அறுவை நிபுணர் ஒரு பக்கம் மட்டுமே அகற்றுவார். பலருக்குச் செய்தும் பெரிய கேடு வரவில்லை. ஆனால் ஒரு பொறியாளருக்கு, இடப்பக்கம் எடுத்தபின், நடப்பது எதுவும் மனதில் நிற்காமல் போயிற்று. புத்திக்கூர்மையில் குறைவில்லை, தொழிலும் மறக்கவில்லை. வலப்பக்கம் ஏற்கெனவே கெட்டிருக்க வேண்டும் என்று பென்ஃபீல்டும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் ஊகித்தார்கள். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது அந்தப் பக்கம் சுருங்கித்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொரு கணக்கப்பிள்ளை வெகுகாலமாகக் கணக்கே எழுதவில்லை!

அதனால்தான் அறுவைக்கு முன் இத்தனை பரிசோதனைகள். மொழி எந்தப் பக்கம் என்று அறிய ஜூன் வாடா என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறையை, மில்னரும் சகாக்களும் ஞாபகத்துக்கும் பயன்படுத்தினார்கள். கழுத்து ரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்திச் சில நிமிடங்களுக்கு ஒரு பக்க மூளையைத் தூங்க வைப்பார்கள். விழித்திருக்கும் பக்கத்துக்குப் படங்களைக் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று பிறகு கேட்பார்கள். இப்போது எம்ஆர்ஐயும், உட்கார வைத்துக் கதை சொல்லித் திருப்பிக் கேட்கும் சோதனைகளுமே பெரும்பாலும் போதுமானதாகிவிட்டன.

இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஞாபகம் நன்றாக இருக்கிறது, அதனால் பயமில்லை" என்பது தவறு. எடுக்கப்போகும் பகுதி சுருங்கித் தழும்பேறியிருந்தால் எடுப்பதால் இழப்பு குறைவு. ஸ்கேனில் அது ஆரோக்கியமாகத் தெரிந்து, ஞாபகமும் கூர்மையாக இருந்தால்தான் இழக்க நிறைய இருக்கிறது. பக்கமும் முக்கியம். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைந்தவர்கள் இடப்பக்க அறுவையில் 44 சதவீதம், வலப்பக்கத்தில் 20 சதவீதம். குறைவு என்றால் பெற்ற பிள்ளையை மறப்பதல்ல; பேர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, நேற்றுப் பேசியது நழுவுவது. பாடம் நடத்துகிறவருக்கு அதுவே பெரிய விஷயம்.

அறுவையே வேண்டாம் என்றால் ஞாபகம் பத்திரமாக இருக்குமா? ஜெர்மனியின் பான் நகரில் ஹெல்ம்ஸ்டேட்டர் குழு, அறுவை செய்துகொண்டவர்கள், மாத்திரையோடு இருந்தவர்கள் என இரு தரப்பினரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2003இல் சொன்னது: மாத்திரையோடு இருந்தவர்களிலும் பலருக்கு ஞாபகம் தேய்ந்தது. அறுவை செய்து வலிப்பு முற்றும் நின்றவர்களில் சிலருக்கு இழந்தது ஓரளவு திரும்பியது. வலிப்பும் நிற்காமல் ஞாபகமும் குறைந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே மருத்துவரிடம் போகும்போது "ஞாபகம் போகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பக்கம், அது தழும்பேறியிருக்கிறதா, மறுபக்கம் வேலை செய்கிறதா, வலிப்பு நிற்க வாய்ப்பு எவ்வளவு என்று நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.