30,000 நரம்பிழைகளுக்கு 22 எலெக்ட்ரோடுகள்... காதுக்குள் பாயும் மின்சாரத்துக்கு வரப்பு கட்டும் கம்ப்யூட்டர்!

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். வரப்பு சரியில்லை என்றால், ஒரு வயலுக்குத் திறந்த தண்ணீர் பக்கத்து வயலிலும் போய் நிற்கும். காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியிலும் இதே சிக்கல்தான். என்ன, அங்கே பாய்வது மின்சாரம்.

நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் உள்காதுப் பகுதிதான் காக்ளியா. கீச்சுக் குரலை அதன் அடிப்பகுதி வாங்கும், கனத்த குரலை நுனி வாங்கும். அங்கிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோக சுமார் 30,000 நரம்பிழைகள் இருக்கின்றன. கருவியில் இருப்பதோ, ரகத்தைப் பொறுத்து 12 முதல் 22 எலெக்ட்ரோடுகள். போதாக்குறைக்கு, காக்ளியாவுக்குள் நிறைந்திருப்பது உப்புத் திரவம். ஓர் எலெக்ட்ரோடில் விட்ட மின்சாரம் அதில் பரவி, அடுத்த எலெக்ட்ரோடுக்கு உரிய நரம்புகளையும் தட்டி எழுப்பிவிடும். பேச்சு புரிகிறவர்களுக்கும் ராகம் பிடிபடாமல் போவது இதனால்தான். 'பலம்', 'பழம்' என நெருங்கிய ஒலிகளிலும் தடுமாற்றம் வரலாம்.

இதற்காகக் குழந்தையின் காதுக்குள் எலெக்ட்ரோடை நகர்த்தி நகர்த்திச் சோதிக்க முடியுமா? அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஸ்கேன் படங்களை வைத்து, கம்ப்யூட்டரிலேயே ஒரு காக்ளியாவைக் கட்டுகிறார்கள். அதைப் பொடிப்பொடித் துண்டுகளாகப் பிரித்து, எலும்பு எவ்வளவு மின்சாரம் கடத்தும், திரவம் எவ்வளவு கடத்தும் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கிறார்கள். நரம்பு எப்போது துடிக்கும் என்ற கணக்குக்கு அடிப்படை, கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்து 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் எழுதிய சமன்பாடுகள். (1963-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.) எலெக்ட்ரோடு உள்சுவரை ஒட்டி இருந்தால் குறைந்த மின்சாரமே போதும், பரவலும் குறையும் என்று இந்த மாதிரிகள் காட்டுகின்றன.

ஆனால், காது கேளாத குழந்தைக்கு எத்தனை நரம்பிழைகள் உயிரோடு மிஞ்சியிருக்கின்றன என்பது ஸ்கேனில் தெரியாது. எனவே அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஒவ்வொரு எலெக்ட்ரோடாக மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் ஆடியாலஜிஸ்ட் அளவைச் சரிசெய்கிறார். பிறகு பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீளும்.

மூளை ஒலியைப் பழகும் வயது மிகச் சிறியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கருவி இலவசம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, 'லேட்டாப் பேசும்' என்று விட்டுவிடாமல், தேனிப் பக்கத்துப் பெற்றோர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டலாம். பச்சிளங்குழந்தைக்கான முதல்கட்டச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், அது தூங்கும்போதே செய்துவிடலாம்.