உதடும் குழாயும் ஒத்துப்போகும்போது

கண்ணு, டிராம்போனைப் பற்றி நீ கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே கருவி, ஒரே ஆள், ஒரே ஸ்வரம். ஆனால் ஒருமுறை ஊதினால் ஒலி நிறைவாகக் கணீரென்று வருகிறது. அடுத்த முறை மெலிந்து, கரகரத்து வருகிறது. ஏன்?

“நிறையப் பயிற்சி செய், சரியாகிவிடும்” என்று பலரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நீ அதோடு விடவில்லை, காரணம் கேட்டாய். கெட்டிக்காரப் பிள்ளை! வா, இருவரும் சேர்ந்து தேடுவோம்.

முதலில் ஒரு கேள்வி. ஒலி எங்கே பிறக்கிறது? பித்தளைக் குழாயில் என்று நினைக்கிறாயா? இல்லை, உன் உதட்டில். நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்வதைப் பார்த்திருப்பாய். டிராம்போனில் சீவாளி கிடையாது. உதடுதான் அந்த வேலையைச் செய்கிறது. மவுத்பீஸ் என்பது ஒரு சின்னக் கிண்ணம். அதன் வளையத்துக்குள் உன் இரண்டு உதடுகளும் ‘ப்ர்ர்ர்’ என்று அதிர்கின்றன.

அந்த அதிர்வு குழாய்க்குள் ஓடுகிறது. முன்னும் பின்னும் நகரும் குழாய்ப் பகுதிக்கு ஸ்லைடு என்று பெயர். அதை முழுக்க உள்ளே இழுத்து வைத்தால் குழாயின் நீளம் ஏறக்குறைய 270 சென்டிமீட்டர். உன் உயரத்தைப் போல இரண்டு பங்கு இருக்கும்! அலை அந்த நீளம் முழுவதும் ஓடி, விரிந்த வாய்ப் பகுதியை அடைகிறது. அதை பெல் என்பார்கள். அங்கே அலையில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. நாம் கேட்பது அதைத்தான். பெரும்பகுதி திரும்பி உன் உதட்டுக்கே வந்துவிடுகிறது.

திரும்பி வந்து என்ன செய்கிறது? இங்கேதான் ரகசியம் இருக்கிறது. ஊஞ்சலில் உன் தங்கையை ஆட்டியிருக்கிறாய் அல்லவா? அவள் பின்னால் வந்து, முன்னே போகத் தொடங்கும் நொடியில் தள்ளினால், விரலால் தொட்டாலே போதும், உயர உயரப் போவாள். அவள் வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால்? உன் கைதான் வலிக்கும், ஊஞ்சலும் தடுமாறும். திரும்பி வரும் அலை, உன் உதட்டை அப்படித்தான் தள்ளுகிறது. சரியான நேரத்தில் தள்ளினால் உதடு சிரமமில்லாமல் அதிரும், ஒலி பெருகும். நேரம் தப்பினால் உதடும் குழாயும் மல்லுக்கு நிற்கும். அப்போதுதான் ஒலி மெலிகிறது.

புரிகிறதா? இன்னொரு தடவை படித்துவிட்டு வா. அவசரமில்லை.

சரி, எந்த வேகத்தில் உதடு அதிர்ந்தால் குழாய் உதவும்? ஸ்லைடு உள்ளே இருக்கும்போது நொடிக்கு 117, 175, 233, 291, 350 தடவை என்று சில வேகங்களுக்கு மட்டும் உதவும். பென்சில் எடு. 175-இலிருந்து 117-ஐக் கழி. 58. 233-இலிருந்து 175-ஐக் கழி. மறுபடியும் 58! எல்லாமே 58-இன் மடங்குகள். பின்னத்தை விட்டுவிட்டதால் ஓரிடத்தில் ஒன்று கூடும். 117 என்பது இரண்டாம் படி, 175 மூன்றாம் படி, 233 நான்காம் படி. ஸ்லைடை அசைக்காமலே, உதட்டைக் கொஞ்சம் இறுக்கியும் தளர்த்தியும் இந்தப் படிகளில் ஏறி இறங்கலாம். டிராம்போன் கற்பவர்கள் தினமும் செய்யும் பயிற்சிகளில் இது ஒன்று.

இப்போது ஒரு வேடிக்கையான கணக்கு. அலை பெல் வரை போய்த் திரும்ப மொத்தம் 540 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடும். ஆக, ஒருமுறை போய்வர ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு ஆகிறது. இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு! ஆனால் நான்காம் படியை ஊதும்போது, அந்த நேரத்துக்குள் உன் உதடு நான்கு தடவை அதிர்ந்துவிடும். அந்த முதல் நான்கு அதிர்வுகளுக்கும் குழாயின் உதவி கிடையாது. உதடு தன்னந்தனியாகச் சரியான வேகத்தைப் பிடிக்க வேண்டும்.

ஸ்வரத்தின் தொடக்கம் ஏன் அடிக்கடி பிசிறடிக்கிறது என்று இப்போது தெரிகிறதா? உதவி வந்து சேரும் முன்பே உதடு தவறான வேகத்தில் கிளம்பிவிட்டது. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள், ஊதும் முன் அந்த ஸ்வரத்தை வாயால் பாடச் சொல்வார்கள். மவுத்பீஸை மட்டும் தனியே எடுத்து அதில் ஊதிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அதில் குழாயே இல்லை, உதவியும் இல்லை. உதடு தானாகச் சுருதியைப் பிடிக்கப் பழகுகிறது.

உதட்டை எப்படி வைப்பது? ஓரங்கள் உறுதியாக, நடுவில் மென்மையாக. சிரிப்பது போல இழுக்காதே, உதடு மெலிந்துவிடும். கன்னத்தை உப்பாதே. மவுத்பீஸை முகத்தில் அழுத்தாதே. அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரம் களைத்துவிடும்.

இனி ஸ்லைடு. இதில் ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலை வெளியே போகும்போதும் சுருதி அரை ஸ்வரம் இறங்கும். அதற்குக் குழாய் ஏறக்குறைய 6 சதவீதம் நீள வேண்டும். 270-இல் 6 சதவீதம் எவ்வளவு? 16 சென்டிமீட்டர். ஆனால் ஸ்லைடை 8 சென்டிமீட்டர் தள்ளினாலே போதும். ஏன் பாதி? ஸ்லைடை உற்றுப் பார். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். இரண்டும் ஒரே நேரத்தில் நீள்கின்றன.

குழாய் நீள நீள, அதன் 6 சதவீதமும் பெரிதாகும் அல்லவா? ஆகவே நிலைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரே அளவாக இருக்காது. முதல் இரண்டு நிலைகளுக்கு நடுவே 8 சென்டிமீட்டர் என்றால், கடைசி இரண்டுக்கு நடுவே ஏறக்குறைய 11. ஏழாம் நிலை அரை மீட்டருக்கும் அப்பால் போய்விடும். குட்டிக் கைக்கு எட்டாது! பெரியவர்களுக்கே கை முழுக்க நீள வேண்டும். இதற்கு 1839-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சாட்லர் என்ற கருவி செய்பவர் ஒரு வழி கண்டார். இடது கட்டைவிரலால் ஒரு வால்வைத் திருப்பினால் பின்னால் சுருண்டிருக்கும் இன்னொரு குழாய் சேர்ந்துகொள்ளும். தூரத்து நிலைகளில் இருந்த ஸ்வரங்கள் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

ஸ்லைடில் கோடு கிடையாது, குறி கிடையாது. மூன்றாம் நிலை பெல்லின் விளிம்புக்குச் சற்று முன்னே, நான்காம் நிலை சற்றுத் தாண்டி என்று தொடக்கத்தில் சொல்லித் தருவார்கள். அது கண்ணுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். முடிவு சொல்வது காது.

இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கவனமாகக் கேள். ஸ்லைடு ஒரு விரல் அளவு தள்ளி நிற்கிறது. சுருதி இறங்கிவிடுகிறது. உடனே பிள்ளை உதட்டை இறுக்கி, சுருதியை மேலே தூக்குகிறது. காதுக்குச் சுருதி சேர்ந்துவிட்டது போல இருக்கும். ஆனால் குழாய் ஒரு வேகம் கேட்கிறது, உதடு வேறு வேகத்தில் போகிறது. தள்ளும் நேரம் தப்பிவிட்டது! ஒலி ஒடுங்கிப்போகும். அந்தப் பிள்ளை “என் மூச்சு போதவில்லை” என்று நினைத்து இன்னும் வேகமாக ஊதும். பாவம், கோளாறு மூச்சில் இல்லவே இல்லை. ஸ்லைடை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்திருந்தால் ஒலி தானே மலர்ந்திருக்கும்.

உனக்கு ஒரு புதிர். ஏழாம் படி, அதாவது 58-இன் ஏழு மடங்கு, விட்ட பின்னத்தையும் சேர்த்தால் நொடிக்கு 408. ஆனால் பாட்டுக்கு வேண்டிய ஸ்வரம் 415. ஏழாம் படி எந்த நிலையிலும் இப்படிக் கொஞ்சம் இறங்கித்தான் ஒலிக்கும். இரண்டாம் நிலையில் ஊதும்போது கலைஞர்கள் ஸ்லைடைச் சற்று உள்ளே இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள். ஆனால் முதல் நிலையில் இந்தப் படியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஏன்? யோசி... ஆமாம்! முதல் நிலையில் ஸ்லைடு முழுக்க உள்ளேதான் இருக்கிறது. அதற்கு மேல் இழுக்க இடம் ஏது? சபாஷ்!

அடுத்தது நாக்கு. ஊதிக்கொண்டே ஸ்லைடை நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். வேண்டுமென்றே செய்தால் அது அழகு. வேண்டாத இடத்தில் வந்தால் பாட்டு குழைந்துவிடும். அதைத் தவிர்க்க மூச்சை நிறுத்தக் கூடாது. நாக்கு மட்டும் குறுக்கே ஒரு மெல்லிய தொடுகை தர வேண்டும். ‘பத்து’ என்று சொல்லிப் பார், நாக்கு அழுத்தித் தொடுகிறது. ‘பாதை’ என்று சொல்லிப் பார், லேசாகத் தொட்டு விலகுகிறது. கோர்வையாக வாசிக்க இந்த இரண்டாவது தொடுகைதான் வேண்டும். அந்த நொடிக்குள் வலது கை சட்டென்று அடுத்த நிலைக்குப் போய் நின்றுவிட வேண்டும். கருவியின் எடையை இடது கை தாங்கட்டும். வலது கை மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும்.

இப்படிக் கோர்வையாக வாசிப்பதில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் டாமி டார்சி. அவருடைய குழுவில் 1940 முதல் 1942 வரை பாடகராக இருந்தவர் ஃபிராங்க் சினாட்ரா. டார்சி எங்கே மூச்சு எடுக்கிறார் என்றே தெரியாதாம். மேடையில் அவரைக் கவனித்து, நீண்ட வரிகளை மூச்சு விடாமல் பாடக் கற்றதாகச் சினாட்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாடகர் ஒருவர் டிராம்போனிடம் பாடம் படித்தார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

மிகவும் பலமாக ஊதினால் ஒலி சுள்ளென்று மாறுவதைக் கேட்டிருக்கிறாயா? வலுவான அலையின் முகடு அதன் பள்ளத்தைவிடச் சற்று வேகமாக ஓடும். நீண்ட குழாயில் ஓட ஓட, முகடு முன்னே நெருங்கி, அலையின் முன்பக்கம் செங்குத்தாகிவிடும். டிராம்போனுக்குள் அதிர்ச்சி அலையே உண்டாகிறது என்று 1996-இல் விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள். அந்தப் பளபளப்பு வேண்டிய இடத்தில் அருமையாக இருக்கும். ஆனால் பழகும்போது மெதுவாக ஊது. மெல்லிய ஒலியில்தான் பிழை காதில் விழும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் ஈஸ்ட்மன் இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே எமரி ரெமிங்டன் 1922 முதல் சுமார் அரை நூற்றாண்டு டிராம்போன் கற்பித்தார். அவர் தந்த தொடக்கப் பயிற்சியை உலகெங்கும் இன்றும் வாசிக்கிறார்கள். வசதியான ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊது. ஒரு நிலை இறங்கு, திரும்பி வா. இரண்டு நிலை இறங்கு, திரும்பி வா. கை எட்டும் வரை இப்படியே. ஒவ்வொரு நிலையிலும் நின்று, ஒலி ஒரே அளவில் நிறைந்திருக்கிறதா என்று கேள்.

அதோடு இதையும் செய்து பார். நண்பனை ஒரு ஸ்வரத்தை நிறுத்தி ஊதச் சொல். நீயும் அதையே ஊது. அவன் நொடிக்கு 233, நீ 230 என்றால், ‘வ்வா வ்வா வ்வா’ என்று நொடிக்கு மூன்று தடவை ஒலி ஏறி இறங்கும். உன் பாடப்புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். உதட்டை மாற்றாமல், ஸ்லைடை மட்டும் நூலளவு உள்ளே இழு. விம்மல் இரண்டாகும், ஒன்றாகும், நின்றுவிடும். அந்த இடத்தில் ஸ்லைடு எங்கே நிற்கிறது என்று உன் கைக்குச் சொல்லிக் கொடு. முதல் நிலையில் இழுக்க இடமில்லை என்பதால், இந்தச் சோதனையை மூன்றாம் நிலையில் கிடைக்கும் ஒரு ஸ்வரத்தில் செய்.